தொட்டி வைத்த வீடு

அக்கா, இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், அங்கே வெயில் அடிக்கிறது. ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளை அரைமணி நேரம் வைத்திருந்துதான் அனுப்புவார்கள். புதன்கிழமை என்றால் இங்கே இதே பாடுதான். உங்கள் பையன் எவ்வளவு சமத்தாகத் தூங்குகிறான்! என் பாப்பாவைப் பாருங்கள், தொடையைத் தொடவிடமாட்டேன் என்கிறாள்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியும் அக்கா. திடுக்கிடாதீர்கள். கேட்டில் உங்களை இறக்கிவிட்டுப் போனாரே, அவருக்கு வலது முழங்கை நீட்ட வராமல் மடங்கியே இருந்தது. அந்தக் கையை நான் உங்கள் கல்யாண ஆல்பத்தில் பார்த்திருக்கிறேன். அவர் சுடலைமணி அத்தான். நீங்கள் எனக்கு மூத்த அக்கா. நான் விஜிலா, உங்கள் கொழுந்தனைக் கட்டியவள். மாசானமுத்து மாமா வீட்டுச் சின்ன மருமகள்.

எழுந்திருக்காதீர்கள் அக்கா. தயவுசெய்து. அந்த வீட்டு ஆள் என்று தெரிந்ததும் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உங்களை வீட்டைவிட்டு அனுப்பும்போது நான் அங்கே இல்லை. நான் பாளையங்கோட்டையில் கான்வென்ட் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு உங்களிடம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. எடுத்த எடுப்பில் கேட்டால் பைத்தியம் என்பீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் எழுந்து போய்விடாதீர்கள். நான் இங்கே வருவதற்கு மட்டும்தான் வீட்டைவிட்டு வெளியே வருகிறேன். அடுத்த ஊசிக்கு நீங்கள் வேறு நாளில் வந்துவிட்டால் எனக்கு யாரும் இல்லை.

உங்களுக்குத் தெரிந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அத்தான் சின்னப் பையனாக இருந்தபோது வாசலில் மூடி இல்லாத சாக்கடையில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். மாமா நகராட்சிக்குப் போய்ச் சத்தம் போட்டார். அங்கே இருந்த ஆள், "உங்க வீட்டு வரி ரெண்டு தவணை பாக்கி கெடக்கு. அதக் கெட்டிட்டு வந்து மூடியப் பத்திப் பேசும்" என்று சொல்லியிருக்கிறான். கையில் கட்டுப் போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மனுஷனிடம். அன்றைக்கு மாமா சொன்னதுதான், இனிமேல் என் உயிர் இருக்கிறவரைக்கும் இந்த வீட்டிலிருந்து ஒரு பைசா அவனுக்குப் போகாது என்று. தெருவுக்கே தெரியும்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் கேட்டுவிட்டேன். எனக்குப் பயத்தில் சில சமயம் தேவையில்லாதது வாயில் வந்துவிடும். "மாமா, நீங்க பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தீங்க. டிக்கெட் எடுக்காதவங்கள நடுரோட்டுல இறக்கி விட்டிருக்கீங்க. வரியும் டிக்கெட் மாதிரிதானே?" என்று கேட்டேன். அத்தை உள்ளே கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். மாமா கோபப்படவில்லை. சிரித்தார். "நல்லாக் கேட்டே. ஆனா நாங்க பஸ் விட்டோம்லா? பஸ்ஸ விட்டுட்டு டிக்கெட்டக் கேட்டோம். இவன் பஸ்ஸே விடலியே. வண்டிக் கூலிய மட்டும் கேட்டா எவன் குடுப்பான்?" என்றார். வாசலில் அந்தச் சாக்கடைக்கு இன்றைக்கும் மூடி கிடையாது.

தெருவில் மாமாவுக்கு இருக்கிற மரியாதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாசானமுத்து அண்ணாச்சி வரி கட்டமாட்டார், நகராட்சிக்காரன் அவர் வீட்டு வாசலை மிதிக்கமாட்டான், மிதிக்கத் தைரியம் கிடையாது. அப்படித்தான் எல்லோரும் பேசுவார்கள். முதலில் பேச்சாகத்தான் இருந்திருக்கிறது. அப்புறம் ஒவ்வொருவராக, "அண்ணாச்சிய ஒண்ணும் பண்ணலியே, நம்மள மட்டும் என்ன பண்ணிருவான்" என்று நிறுத்தியிருக்கிறார்கள். நான் வந்தபோது பாதித் தெரு கட்டுவதில்லை. பிறகு திடீரென்று ஆட்கள் வந்து எதிர்வரிசையில் தண்ணீர் இணைப்பை எல்லாம் துண்டித்துவிட்டுப் போனார்கள். நம் வீட்டைத் தொடவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் குடத்தோடு நம் வீட்டுக்குழாயில்தான் வந்து நிற்பார்கள். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "பிடிங்க, பிடிங்க, நம்ம தண்ணிய எவன் நிறுத்துதான்னு பாப்போம்" என்பார். ராஜா மாதிரி இருப்பார் அக்கா.

சரி, இனிமேல் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாதது. பாப்பாவைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்.

வரி கட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தது அக்கா. ஆரம்பத்திலிருந்தே. அத்தை கட்டினார்.

இருதயராஜ் என்று ஒரு பில் கலெக்டர். மாமா டியூட்டியில் இருக்கிற நேரம் பார்த்து வருவாராம். அதட்டமாட்டாராம். கொல்லைப்புற வாசலில் நின்று மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க வீட்டுப் பேரு சிவப்பு மையில ஏறக்கூடாது தங்கச்சி. மூடிக்கு நானும் எழுதிப் போட்டுட்டுத்தான் இருக்கேன்" என்பாராம். அத்தை இட்லி மாவு விற்ற காசை எடுத்துக் கொடுப்பார். அவர் ரசீது கிழித்துக் கொடுப்பார். அத்தை அதை வாங்கி அவர் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டுவிடுவார். வருஷக்கணக்காக இப்படி. அந்த மனுஷனும் ஒருநாள்கூட மாமாவிடம் மூச்சு விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் மாமா அவரைப் பார்த்து, "என்ன ஓய், எங்க வீட்டுக்கு வரப் பயமா?" என்று கேட்டால், "ஆமா அண்ணாச்சி, பயந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம்.

மாமாவுக்கு அவர்கள் பயந்தது இந்தப் பயம்தான் அக்கா.

இப்போது அத்தான் விஷயம் உங்களுக்குப் புரிகிறதா? அத்தான் கடைக்கு லோன் கேட்டார். பேங்கில் வீட்டு வரி பாக்கி இல்லை என்று சான்று கேட்டார்கள். அப்பாவின் பாக்கியை நாமே பேசித் தவணையில் கட்டிவிடலாம் என்று பயந்துகொண்டு நகராட்சிக்குப் போனவரிடம், பாக்கியே இல்லை என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கே திகைப்பாகத்தான் இருந்திருக்கும். அதை மறைக்கத் தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, துணி துவைக்கப் போடும்போது மாமா கையில் அகப்பட்டது.

அத்தை எனக்கு அப்படியே சொன்னார். "எம் முதுகுக்குப் பின்னால கெட்டிட்டு வந்து பாக்கி இல்லங்கியால?" என்று மாமா கேட்டார். அத்தான், "நான் கெட்டலப்பா. ஏற்கெனவே கெட்டியிருக்குன்னு சொல்லுதாங்க" என்றார். "அப்ப எவன் கெட்டினான்? சேர்மன் வந்து கெட்டினானா? ஒங் கைக்காகத்தாம்ல நான் இத்தன வருசம் ஊரப் பகைச்சுக்கிட்டு நிக்கேன். நீயே போயி அவன் காலுல விழுந்துட்டு வாரே" என்று சொல்லி, துணிப்பையை எடுத்து வாசலில் வைத்தார். நீங்கள் அடுப்பில் இருந்த குக்கரை இறக்காமலேயே கிளம்பினீர்களாம். விசில் வந்துகொண்டே இருந்ததாம். அத்தை அந்த அடுப்பின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஆமாம் அக்கா. நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நானும் கேட்டேன், ஏன் அத்தை சொல்லவில்லை என்று. அவர் என்னைப் பார்த்த பார்வையை எனக்குச் சொல்லத் தெரியாது. "அவன் ஆம்பிளப்புள்ள. எங்க போயும் பொழைச்சுக்கிடுவான். நான் எங்க போவேன்?" என்றார். உங்களுக்குக் கோபம் வருவது நியாயம். எனக்கும் அன்றைக்கு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் தப்பில்லை என்றுதான் படுகிறது. ஒரு வீட்டுக்குள் இருக்கிறவளுக்குத்தான் தெரியும் அக்கா, வெளி எவ்வளவு பெரியது என்று.

இருதயராஜ் ரிட்டயர் ஆகிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு யாரும் வருவதில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில். போனில்தான் கட்டவேண்டும், இல்லாவிட்டால் ஆபீஸ் கவுண்ட்டரில் போய் நிற்கவேண்டும். அத்தை எங்கே போவார்? கவுண்ட்டரில் நின்றால் ஊர் பார்க்கும். அவரிடம் இருப்பது பட்டன் போன். அப்படியே விட்டுவிட்டார். பாக்கி ஏறியது. மாமா பெயர் முதல்தடவையாகச் சிவப்பில் வந்தது. முதல்தடவையாக அவர் சொன்னது நிஜமாயிற்று.

அதன் பிறகுதான் தொட்டி வந்தது. நீங்கள் இப்போது அந்தப் பக்கமே வருவதில்லை, பார்த்திருக்கமாட்டீர்கள். ஆள் உயரத்துக்குப் பச்சைக் குப்பைத் தொட்டி. லாரியில் கொண்டுவந்து நம் கேட்டை அடைத்து வைத்துவிட்டு, 'இவ்வீட்டார் சொத்து வரி செலுத்தவில்லை' என்று ஒரு பலகையையும் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே தெரு முழுக்க வந்து அதில்தான் கொட்டினார்கள். நம் வீட்டுக்குழாயில் தண்ணீர் பிடித்த அதே பெண்கள்தான். மீன் கழிவு, பிள்ளைகளின் துணி, எல்லாம். கேட்டைப் பாதிதான் திறக்கமுடியும். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து வெளியே வரவேண்டும், சேலை தொட்டியில் உரசும். ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. ஈ. பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. இந்த ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன், உப்புக் கரைசல் கொடுத்து, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். நான் சரி மேடம் என்றேன். வேறென்ன சொல்வது?

மாமா என்ன செய்தார் தெரியுமா? தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். மூக்கைக்கூடப் பொத்தவில்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம், "என்ன அண்ணாச்சி, தொட்டிக்குக் காவலா?" என்று கேலி செய்தால், "இத்தன வருசம் கழிச்சு இப்பந்தாம்ல அவனுக்குத் தைரியம் வந்திருக்கு, வரட்டும்" என்பார். முன்னைவிட உற்சாகமாக இருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. ராத்திரி மட்டும் பாப்பா அழுதால் எழுந்து வந்து வாசல்படியில் நிற்பார். உள்ளே வரமாட்டார்.

அடுத்தது தண்ணீர் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் அத்தை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையிலிருந்து பணத்தை எடுத்து என் கையில் திணித்தார். "நீ கான்வென்ட்ல படிச்சவ. போன்ல கெட்டத் தெரியும்லா? இனிமே இது ஒன் வேல."

என்னால் முடியாது அத்தை, மாமாவுக்குத் தெரிந்தால் என்றேன். "எப்படித் தெரியும்? நான் சொல்லமாட்டேன், நீ சொல்லமாட்டே" என்றார். மாட்டிக்கொண்டால் நீங்கள் எனக்காகப் பேசுவீர்களா அத்தை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. குக்கர் விசில் வந்துகொண்டே இருந்தது என்று சற்றுமுன்தானே அவரே சொன்னார்.

என் வீட்டுக்காரரிடம் போனில் சொல்லலாமா என்றால், மஸ்கட்டில் இருக்கிறவர், காண்ட்ராக்ட் முடியாமல் வரமுடியாது. "நான் வார வரைக்கும் அப்பா சொல்றதக் கேட்டு நட விஜி, வேற ஒண்ணும் ஒன்னைக் கேக்கல" என்பதுதான் எப்போதும். என் அம்மா அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார். அண்ணி அந்த அறையில் தையல் மிஷினும் போட்டிருக்கிறார். நான் பிள்ளையோடு போனால் மிஷினை எங்கே வைப்பார்கள் என்றுதான் முதல் கேள்வி வரும். எனக்கு இருப்பது இந்த ஒரு வீடுதான் அக்கா. தொட்டி வைத்த வீடாக இருந்தாலும்.

சரி என்று ஒரு மத்தியானம் போனை எடுத்து உட்கார்ந்தேன். பெயர், தெரு, எண் எல்லாம் போட்டாயிற்று. நீங்கள் பதிவு செய்த போன் எண்ணுக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. அது எந்த நம்பர்? அத்தையிடம் கேட்டேன். முன்பு வீடுவீடாக வந்து போன் நம்பர் எழுதிக்கொண்டு போனார்களாம். அத்தைக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்லியிருக்கிறார்.

மாமாவின் நம்பர்.

நான் போனைக் கீழே வைப்பதற்குள் முன் அறையிலிருந்து குரல். "விஜிலா, இங்க வாம்மா. என்னமோ இங்கிலீஷ்ல வந்திருக்கு. வாசிச்சுச் சொல்லு."

மாமாவுக்கு இங்கிலீஷ் வராது. அத்தை சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார், இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். டிப்போவில் இருந்தபோது கண்டக்டர்கள் மேல் எழுதிய ரிப்போர்ட்டுகள் ஒரு கட்டு பீரோவில் இருக்கின்றன, எல்லாம் இங்கிலீஷில். கையெழுத்து அவருடையது மாதிரியே இருக்கும். யாரையாவது எழுதச் சொல்லி வாங்கியிருப்பார்.

போனை வாங்கிப் பார்த்தேன். சொத்து வரி, ஆறு இலக்கம், யாரிடமும் பகிராதீர்கள். "கம்பெனி விளம்பரம் மாமா" என்றேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை அக்கா, சிஸ்டர் லூர்து எங்களை அப்படி வளர்க்கவில்லை. முழுவதும் வாசிக்காமல் விட்டேன், அவ்வளவுதான். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓகோ. இப்பம்லாம் நம்பர் போட்டா விளம்பரம் பண்ணுதானுவ?" என்றார். ஆமா மாமா என்றேன். "சரி, நம்பர நல்லாப் பாத்துக்கிட்டியா? மறந்துறாத" என்றார். அவர் கேலி பேசுகிற ஆள், எனக்கு அந்த நேரத்தில் அது புரியவா செய்யும்? உள்ளே ஓடிவந்து நம்பரைப் போட்டேன். என் பேங்க் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது.

உடனே மறுபடியும் குரல். "விஜிலா, இன்னொண்ணு வந்திருக்கு."

கட்டியதற்கு நன்றி என்று வந்திருந்தது. 'அன்புள்ள மாசானமுத்து' என்று ஆரம்பித்து. "இதுவும் விளம்பரந்தான் மாமா, அழிச்சிரட்டுமா?" என்றேன். "வேண்டாம், கெடக்கட்டும்" என்று போனை வாங்கிக்கொண்டார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாளே லாரி வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தெருவே கூடிவிட்டது. "அண்ணாச்சி ஜெயிச்சிட்டாரு, பயந்துட்டானுவ" என்று ஒரே கைதட்டல். மாமா சிரித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் போன பிறகு, தொட்டி இருந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அவரே. நான் துடைப்பத்தை வாங்கப் போனால் தரவில்லை. கழுவி முடித்துவிட்டு அதே இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, போனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரத்தில் அப்படி என்ன இருக்கிறதோ.

இதோடு முடிந்ததா? கொஞ்ச நாள் கழித்து நகராட்சியிலிருந்து ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள், கையில் டேப்லெட் கம்ப்யூட்டர். என் வயதுதான். தொட்டி வைத்த வீடுகளில் மட்டும் கேட்கிறார்களாம். "நீங்க வரி கட்டினதுக்குக் காரணம் என்ன சார்? தொட்டி வச்சதால கட்டினீங்களா, இல்ல நகராட்சி மேல நம்பிக்கை வந்து கட்டினீங்களா?" என்று மாமா முகத்துக்கு நேரே கேட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அடுப்படியில் சத்தமே இல்லை.

"கெட்டவே இல்லன்னு எழுது" என்றார் மாமா.

"சிஸ்டத்துல கட்டின மாதிரி இருக்கே சார். முந்தியும் ஒரு வருஷம்கூட விடாமக் கட்டியிருக்கீங்க. நடுவுலதான்..." என்று இழுத்தாள்.

என் உயிர் என்னிடம் இல்லை அக்கா. முந்தியும் என்று சொல்லிவிட்டாளே. மாமா அடுப்படிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். எனக்கு வேண்டாத யோசனை எல்லாம் வந்தது, பாப்பாவின் துணியெல்லாம் கொடியில் காய்கிறதே, எதில் எடுத்துப் போடுவது என்று. அவள் அதோடு விடாமல் என்னிடம் திரும்பி, "அக்கா, நீங்க சொல்லுங்க" என்றாள். "பிள்ளைய ஏன் கேக்கே? என்னையக் கேளு" என்று மாமா அதட்டினார். "ஒன் சிஸ்டம் தப்பு. இந்த வீட்டுல யாரும் கெட்டல. எழுதிட்டியா? சரி. அடுத்த தவணைக்குக் கடைசித் தேதி என்ன?"

"செப்டம்பர் முப்பது சார்."

"கேட்டுக்கிட்டியா விஜிலா?" என்றார் மாமா.

பாருங்கள் அக்கா, சண்டைக்குத் தேதி கேட்டு வைத்துக்கொள்கிற தைரியத்தை! என்னையும் சாட்சிக்குச் சேர்த்துக்கொள்கிறார். அவர் அப்படித் தேதியைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அதற்கு முன்னால் நான் எப்படிக் கட்டுவது? கட்டினால் அவருக்கு மெசேஜ் வரும். கட்டாவிட்டால் தொட்டி வரும். ஊரில் பாதிப் பேர் இவரைப் பார்த்து மறுபடியும் கட்டாமல் இருக்கிறார்கள். நான் ஒருத்தி மாட்டினால் தெருவே என்னைத் துப்பும்.

இப்போது நான் உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

அந்தப் பெண் வந்துபோன மறுநாள், மாமா என்னைக் கூப்பிட்டு, "பெரியவன் நம்பர் ஒங்கிட்ட இருக்கா?" என்றார். இத்தனை வருஷத்தில் அத்தானின் பெயரை அவர் எடுத்ததே கிடையாது. என் வீட்டுக்காரர் ஊரில் இருந்தபோது அவர் போனிலிருந்து நான் எடுத்து வைத்திருந்தேன், கொடுத்தேன். கொடுக்காமல் இருக்கமுடியுமா? பேப்பர் ஓரத்தில் எழுதிக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. அத்தையோடு பேச்சும் இல்லை, தட்டை வாங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிடுகிறார்.

அத்தை வெலவெலத்துப்போய் இருக்கிறார். "அந்தப் புள்ள முந்தியும் கெட்டியிருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டால்லா? பெரியவனக் கூப்பிட்டு மறுபடியும் விசாரிக்கப் போறாரு. நீ கெட்டினியா இல்லையான்னு. அவன் இல்லம்பான். அப்ப யாரு கெட்டினான்னு நம்ம ரெண்டு பேர் தலையிலதான் வந்து விழும்" என்கிறார். நினைக்க நினைக்க அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

அதனால் அக்கா, நான் கேட்பது பெரிய காரியமில்லை. மாமா கூப்பிட்டால் அத்தான் எடுக்கவேண்டாம். அப்படி எடுத்தாலும், ஆமாம், அன்றைக்கு நான்தான் கட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். அதோடு விசாரணை முடிந்துவிடும். அத்தானுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் ஏற்கெனவே வெளியேதானே இருக்கிறார்? கடை இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள். போன கோபம் போனதுதான். நாங்கள் இன்னும் உள்ளே இருக்கிறோம் அக்கா.

என்ன? ஏற்கெனவே வருகிறதா?

அத்தான் போனுக்கா? எடுத்தால் யாரும் பேசுவதில்லையா? மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்குமா? தினமும் சாயங்காலமா?

காட்டுங்கள். உங்கள் போனுக்கும் ஒருதரம் வந்ததா? காட்டுங்கள் அக்கா.

ஆமாம். இது மாமாவின் நம்பர்தான்.

நான் சொன்னேன் இல்லையா? ஆரம்பித்துவிட்டார். பேசாமல் இருந்து ஆளை ஆழம் பார்க்கிறார். அத்தான் என்ன சொன்னார்? "ஹலோ, யாரு, யாருங்க" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாரா? கடைசித் தடவை உங்கள் பையன் எடுத்துப் பேத்தினானா? பிள்ளைச் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் இருமினார்களா? ஐயோ. அப்படியானால் பேசப்போகிறார் அக்கா. இன்றைக்கோ நாளைக்கோ பேசிவிடுவார்.

போனை இப்படிக் கொடுங்கள். அந்த நம்பர் இனி வராதபடி நான் செய்து தருகிறேன், எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அத்தான் போனிலும் எப்படிச் செய்வது என்று சொல்லித் தருகிறேன். ஒரு நிமிஷ வேலை. கொடுங்கள். ஏன் அக்கா இப்படிப் பிடித்துக்கொள்கிறீர்கள்?

நான் உங்களைக் கலவரப்படுத்துகிற மாதிரி ஒன்றும் சொல்லிவிடவில்லையே. ஏன் அக்கா அழுகிறீர்கள்?